கையெழுத்து போட்ட டிரம்

ஜூன் 3, செவ்வாய்

தொட்டி அண்ணன் கையெழுத்துப் போட்ட நீல டிரம் எனக்குப் பரிசாக விழுந்துவிட்டது, எனக்கு, இந்த மூன்றாவது மாடி மூலை அறையில் தலைகூட வாராமல் உட்கார்ந்திருக்கும் எனக்கேதான்!

நாளைக்கு நான் பெரிய ஆளாகி யாராவது இந்த நோட்டைப் புரட்டினால் ஒன்றும் புரியாமல் முழிக்கக் கூடாது. அதனால் ஒரு விளக்கம். தொட்டி அண்ணன் என்பவர் சமையலறைக் குப்பையை உரமாக்குவது எப்படி என்று வீடியோ போடுகிறவர். லட்சக்கணக்கில் ரசிகர்கள். எங்களுக்கு "தொட்டிக் குடும்பம்" என்று பெயர். அவர் ஒரு போட்டி வைத்தார்: உரத்தைப் பற்றி ஒரே வரி எழுத வேண்டும். நான் எழுதினது, "நேற்றைய வெங்காயத் தோல்தான் நாளைய தக்காளி." தத்துவம். சும்மா வரவில்லை, ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தேன், ஆபீஸ் நேரத்தில்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உள்ள ஏதாவது வெச்சுத் தருவாங்களா, வெறும் டிரம்மா?" என்றாள்.

வெறும் டிரம்தான் என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஜூன் 8, ஞாயிறு

டிரம் வந்தது. லிஃப்டுக்குள் நுழையவில்லை. நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மொட்டை மாடி வரைக்கும் தூக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா தொட்டி அண்ணனின் பரம்பரையை விசாரித்தாள்.

என்ன அழகு தெரியுமா அந்தக் கையெழுத்து! வெள்ளிப் பெயின்ட். டிரம்மின் இடுப்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஓடுகிறது. "உரமே உயிர், அன்புடன் தொட்டி அண்ணன்." கடைசி எழுத்தின் வால் மட்டும் சுழன்று சுழன்று அடிவரைக்கும் இறங்குகிறது. கலைஞன்.

கடைசி மாடி வக்கீல் சத்தம் கேட்டு மேலே வந்தார். அவர் படுக்கையறைக்கு நேர் மேலேதான் டிரம். "இதுல என்ன போடப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எவ்ளோ காலத்துக்கு?" சொன்னேன். "யாருடைய அனுமதியில?" சொல்லவில்லை, ஏனென்றால் இல்லை.

ஆகவே குடியிருப்புச் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனோம். செயலாளருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம், மொட்டை மாடியைப் பூட்ட வேண்டும். ஆள் நடமாடினால் தளம் விரிசல் விடுமாம், ஒழுகுமாம். துணி காயப்போடுகிறவர்களுக்கும் அம்மாவின் செடிகளுக்கும் பயந்துதான் இத்தனை நாள் சும்மா இருக்கிறார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிம்மா, செஞ்சு பாரு. ஆனா நாத்தம்னு ஒரு புகார் வந்துச்சுன்னா மாடிக்குப் பூட்டு. செடி, கொடி, துணி, எதுவும் கிடையாது," என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பிரகாசம். எனக்கு அனுமதி கொடுத்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு நல்லவள்.

ஜூன் 9, திங்கள்

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். எல்லாரும் ஈரக்குப்பையைத் தனியாகப் பிரித்து மாடிக்குக் கொண்டுவர வேண்டும். கைதட்டும் படங்கள் கொட்டின. கைதட்ட யாருக்கும் மாடி ஏற வேண்டாம் அல்லவா.

இந்த மண்ணைக் காப்பாற்ற எனக்குச் சில சாமான்கள் தேவைப்பட்டன. குட்டி மண்வெட்டி, கையுறை, உரத்துக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி, பச்சை நிறக் குப்பைக் கூடை. ஆன்லைனில் போட்டேன். ஒவ்வொன்றும் ஒரு பெட்டிக்குள் ஒரு பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. குப்பையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று வாங்கினதின் குப்பை இப்போது என் கட்டிலுக்கு அடியில் நிற்கிறது. அம்மா பெருக்க வரும்போது நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு சின்னச் சிக்கல்.

அண்ணனின் பழைய வீடியோவை மறுபடி பார்த்தேன். டிரம்மைச் சுற்றிலும் அடியிலும் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போடச் சொல்கிறார். காற்று போகணுமாம், தண்ணீர் வடியணுமாம். சரி. எங்கே போடுவது? சுற்றிலும் கையெழுத்து. அடிப்பக்கம் கையெழுத்தின் வால்.

அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள், "எழுத்து மேலயே போடுடி."

எழுத்து மேலேயா? "உயிர்" என்கிற இடத்தில் டிரில்லரை வைத்து அழுத்துவதா? நான் மனுஷியா மிருகமா? மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்று தானாகப் போகும். காற்றுக்குத் தெரியாதா வழி.

ஜூன் 13, வெள்ளி

கொண்டுவருகிறார்கள்! ஆனால் என்னத்தைக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் கதை. ஒருவர் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்ட முழுத் தர்பூசணி. தரைத்தளத்துத் தையல்கார அக்கா ஒரு கூடை நூல் துண்டு. பருத்தியா நைலானா என்று கேட்டேன். "ரெண்டும் கலந்த மாதிரிதான்மா" என்றார்.

வக்கீல் மட்டும் ஒழுங்கு. டீ பையிலிருந்து பின்னை எடுத்து, நூலை எடுத்து, அட்டையை எடுத்து, பிழிந்து கொண்டுவருகிறார். ஒவ்வொரு காலையும். போடுவதற்கு முன் டிரம்மைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்கிறார். "இது மக்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். தொட்டி அண்ணன் என்றேன். "அவர் சாட்சி, ஆதாரம் இல்ல" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

லேசாக ஒரு வாசனை. மண் வாசனைதான். முதல் மழை பெய்த மாதிரி.

ஜூன் 19, வியாழன்

முதல் மழை இல்லை. சாக்கடை.

ஜூன் 21, சனி

உள்ளே கை விட்டேன். கை விட்டிருக்கக் கூடாது. எல்லாம் கூழாகி, கறுத்து, பளபளவென்று. அடியில் தண்ணீர் தளும்புகிறது. தர்பூசணி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

அண்ணனின் குழுவுக்குப் படத்தோடு எழுதினேன். அரை மணியில் பதில். "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். எங்கள் நிபுணர் விரைவில் தொடர்புகொள்வார்."

இதை நான் படிக்கவே வேண்டாம், மனப்பாடம். ஏனென்றால் நான் பார்க்கிற வேலையே இதுதான். துணி விற்கிற கம்பெனிக்காக, சட்டை கிழிந்து வந்ததென்று திட்டுகிறவர்களுக்கு நாள் முழுக்க இந்த மூன்று வரியைத்தான் ஒட்டுகிறேன். விரைவில் என்றால் எப்போது என்று எனக்குத் தெரியும். நிபுணர் யார் என்றும் தெரியும். ஒருத்தரும் கிடையாது.

ஜூன் 24, செவ்வாய்

வக்கீல் குழுவில் புகார் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு. மூன்றாவதில் "உறக்கமின்மை" என்ற சொல் வந்தது. செயலாளர் உடனே, அதாவது கையில் போனை வைத்துக்கொண்டே காத்திருந்த மனிதரைப்போல், பதில் போட்டார். ஜூலை ஆறு, ஞாயிறு சாயங்காலம் கூட்டம். மாடியைப் பூட்டுவது பற்றி முடிவு.

அம்மாவிடம் சொல்லப் பயந்து, அவளாகவே படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படித்துவிட்டாள்.

அம்மாவுக்கு வேலை ஆஸ்பத்திரி வரவேற்பில். டாக்டர் தாமதமானாலும் திட்டு அவளுக்கு, லிஃப்ட் நின்றாலும் திட்டு அவளுக்கு. வேலை விட்டு வந்தால் வீட்டுக்குள் நுழைய மாட்டாள். கைப்பை தோளில் தொங்கத் தொங்க நேரே மாடிக்குப் போய்ப் பழைய பெயின்ட் வாளிகளில் வைத்திருக்கிற மிளகாய்க்கும் தக்காளிக்கும் தண்ணீர் ஊற்றுவாள். அதற்கப்புறம்தான் மனுஷியாகக் கீழே வருவாள். எங்கள் வீட்டில் பால்கனி இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், வெயில் என்பது அங்கே வதந்தி.

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டியிருக்கலாம். "செடிய எல்லாம் எங்கடி வைக்கறது?" என்று மட்டும் கேட்டாள். என்னைக் கேட்கிற மாதிரிகூட இல்லை.

ஜூன் 26, வியாழன்

அம்மா மறுபடி ஓட்டை போடச் சொன்னாள். இப்போது அது நிரம்பியிருக்கிறது, ஓட்டை போட்டால் அத்தனை கூழும் வக்கீல் தலைக்கு மேல் ஓடும் என்றேன். உண்மைதான். உண்மைக் காரணம் இல்லை என்பது வேறு விஷயம்.

நான் என்ன லூசா? ஒரு பெயின்ட் கோட்டுக்காக?

ஜூன் 30, திங்கள்

தொட்டி அண்ணன் வருகிறார். இங்கே. நேரில். எங்கள் மாடிக்கு!

நிபுணர் தொடர்புகொண்டார்! (நிபுணரைப் பற்றி மேலே எழுதினதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன்.) பரிசு ஜெயித்தவர் வீட்டில் படம் எடுக்கிறார்களாம். ஞாயிறு காலை, அதாவது கூட்டத்துக்கு முன்னால். கையெழுத்து படத்தில் முழுசாகத் தெரிய வேண்டும், அதில் கீறல் எதுவும் விழுந்திருக்கக் கூடாது என்றார்கள். பார்த்தாயா அம்மா, ஓட்டை போடாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

கூழின் படத்தையும் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு, "பரவாயில்ல, நாங்க பாத்துக்கறோம்."

அண்ணன் பார்த்துக்கொள்வார். ஒரே பார்வையில் சரிசெய்துவிடுவார். அம்மாவிடம் சொன்னேன். "வந்து என்ன, மந்திரம் போடுவாரா?" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

காலையில் வந்தார். நேரில் கொஞ்சம் குள்ளம். அதனால் என்ன. உதவியாளர் பின்னாலேயே மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா இருந்தாள், வக்கீல் இருந்தார், செயலாளர் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று கீழே போயிருந்தார். தையல்கார அக்கா தன் நூல் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்திருந்தார்.

அண்ணன் டிரம்மைத் திறந்தார், மூடினார். மூக்கைப் பிடித்துக்கொண்டே என்னைக் கேட்டார், "ஓட்டை எங்கம்மா?"

கையெழுத்து மேல போட மனசு வரலைண்ணா என்றேன்.

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கொஞ்சம் பெருமையான சிரிப்புதான். "ஓட்டை இல்லாம எப்படிம்மா மக்கும்? வீடியோவுல அதத்தானே மொதல்ல சொல்றேன்." பிறகு உதவியாளரிடம், "சரி, ஷாட்ல தெரியாது. மாத்திடு" என்றார்.

மாத்துவது என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் கூழை எல்லாம் அள்ளிக் கறுப்புப் பைகளில் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார்கள். டிரம்மைத் துடைத்தார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். கறுகறுவென்று, உதிரி உதிரியாக, சல்லடையில் சலித்த உரம். கடைச் சரக்கு. மூட்டையில் விலைச் சீட்டுகூட இருந்தது.

அப்போதுதான் செயலாளர் புதுச் சட்டையில் வந்து, குனிந்து மோந்து பார்த்தார். பைகள் கட்டிக் கிடந்ததால் மாடியில் நாற்றம் குறைந்திருந்தது. "அட, நல்லாத்தானே இருக்கு. இப்படியே இருந்தா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார். சாயங்காலம் பார்க்க வேண்டிய வேலையைக் காலையிலேயே பார்த்துவிட்டார்.

முடிந்தது, மாடி பிழைத்தது. கறுப்புப் பைகளை நாளைக் காலை குப்பை வண்டியில் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. வக்கீலுக்கும் தையல்கார அக்காவுக்கும் தெரியும், ஆனால் அவர்கள் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா நின்றால் போதும். சும்மா நிற்பதில் எனக்கு ஈடு யாரும் இல்லை.

அப்போது அண்ணன் அம்மா கையில் ஒரு பிடி உரத்தைக் கொடுத்து, கேமராவைப் பார்த்து "எங்க வீட்டுக் குப்பையில வந்த உரம்" என்று சொல்லச் சொன்னார்.

அம்மா கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லவா என்று கேட்கிற பார்வை. எனக்காகச் சொல்லியிருப்பாள். அவள் தினமும் செய்கிறதே அதுதான், டாக்டர் இதோ வந்துடுவார், லிஃப்ட் இப்போ சரியாயிடும். அதைச் சொல்லாமல் இருக்கத்தானே அவள் இந்த மாடிக்கு ஏறி வருகிறாள். இங்கேயும் சொல்ல வேண்டுமா?

"இது எங்களுது இல்ல சார்," என்றேன். "எங்களுது அந்தப் பையில இருக்கு."

அண்ணா என்று வரவில்லை, சார் என்றுதான் வந்தது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்லதுக்குத்தானம்மா செய்யறேன், நாலு பேர் பாத்துச் செய்வாங்க" என்றார். பிறகு கேமராவை மூடினார்கள். உரத்தைத் திரும்ப மூட்டையில் அள்ளினார்கள். கடைசியில் அடியில் ஒட்டினதைத் தூரிகை வைத்துப் பெருக்கி எடுத்தார்கள். அம்மா கையிலிருந்த பிடியையும் மறக்கவில்லை.

சாயங்காலம் கூட்டம். செயலாளர் பூட்டை வாங்கியே வைத்திருந்தார், புதுசு, மேஜைமேல். என்னை ஏதாவது சொல்லச் சொன்னார்கள். தப்பு என்னுடையது, ஓட்டை போடாததால் அழுகிவிட்டது, ஓட்டை போட்டால் சரியாகும் என்றேன். யார் நம்புவார்? நானே பாதிதான் நம்பினேன்.

வக்கீல் எழுந்தார். சரி, தூக்குத் தண்டனைதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தப் பைகள்ல என் டீ பையும் இருக்கு," என்றார். "தினமும் பின் எடுத்துப் போட்டிருக்கேன். என் பொருள் என்ன ஆகுதுன்னு தெரியாம வழக்க முடிக்க ஒத்துக்க மாட்டேன். மாசக் கடைசி வரைக்கும் வாய்தா குடுங்க."

"புகார் குடுத்ததே நீங்கதானே சார்?" என்று செயலாளர் கேட்டார்.

"புகார் நாத்தத்த பத்தி. இந்தப் பொண்ண பத்தி இல்ல."

ஜூலை கடைசி ஞாயிறு வரைக்கும் தவணை. அன்றைக்குச் செயலாளர் வந்து மோந்து பார்ப்பார். நாற்றம் இருந்தால் பூட்டு. பேச்சு வார்த்தை கிடையாது.

ஜூலை 7, திங்கள்

தையல்கார அக்காவின் வீட்டுக்காரரிடம் டிரில்லர் கடன் வாங்கினேன். அம்மா டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். முதல் ஓட்டை "உயிர்" மேல்தான் போட வேண்டியிருந்தது, அங்கேதான் சரியான உயரம். வெள்ளிப் பெயின்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். பிளாஸ்டிக் கருகின நாற்றம்தான் வந்தது.

அவர் சொன்னதைக் கேட்காமல் அவர் பெயரைக் காவல் காத்திருக்கிறேன். ரசிகை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

பைகளைப் பிரித்துப் பழைய பாய்மேல் கூழைப் பரப்பினோம். தர்பூசணியின் பிளாஸ்டிக் பையையும் நைலான் நூலையும் பொறுக்கி எடுத்தேன். இன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

ஈரத்தை உறிஞ்சக் காய்ந்தது ஏதாவது நிறைய வேண்டும். சருகுக்கு எங்கே போவது, எங்கள் தெருவில் மரமே மூன்றாவது திருப்பத்தில்தான். அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அத்தனை அட்டைப்பெட்டி. டேப்பை உரித்துவிட்டு விரல் அகலத்துக்குக் கிழித்தால் அதுவும் சருகு மாதிரிதான். ஒரு காதில் ஹெட்போன், விரல்கள் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று தட்ட, இடைவெளி கிடைத்தபோதெல்லாம் அட்டை கிழித்தேன். என் சிரமத்திற்கு யாரும் வருந்தவில்லை.

ஜூலை 12, சனி

ஒரு பங்கு கூழ், ரெண்டு பங்கு அட்டை, மறுபடி டிரம்முக்குள். அடியிலிருந்து வடிகிறதைப் பிடிக்க ஒரு தட்டு வைத்தேன். தினமும் கிளறல். முதுகு என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

ஜூலை 16, புதன்

வெப்பமானியை உள்ளே குத்தினேன். முள் ஏறுகிறது! கையை வைத்தால் சூடு, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. அம்மாவைக் கூப்பிட்டேன். கைப்பையோடு நின்று கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"ஜுரம் நல்லதா?" என்றாள்.

நல்லதுதான் என்றேன். ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு பதிலை அவள் கேட்டிருக்க மாட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

தொட்டி அண்ணனின் புது வீடியோ. வேறு ஏதோ ஊரில் வேறு ஒரு வெற்றியாளர், அதே நீல டிரம், உள்ளே கறுகறுவென்று உரம். அந்த உரம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது.

குடும்பத்திலிருந்து விலகவில்லை. ஓட்டை போடுகிற பழைய வீடியோவுக்குப் போய் ஒரு லைக் மட்டும் போட்டுவிட்டு வந்தேன். அது நல்ல வீடியோதான்.

ஜூலை 23, புதன்

மழை. மூடிமேல் தார்ப்பாய் கட்டினேன். காலையில் போனால் அதன்மேல் ஏற்கெனவே வேறொரு தார்ப்பாய், வக்கீல் முடிச்சு.

ஜூலை 27, ஞாயிறு

செயலாளர் வந்தார். பூட்டும் சட்டைப் பையில் வந்தது. பை கனத்துத் தொங்கியது.

மூடியைத் திறந்து தூரத்திலிருந்து மோந்தார். பக்கத்தில் வந்து மோந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை உள்ளேயே விட்டார். வெளியே எடுத்தபோது முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம், எனக்கே பாவமாகப் போய்விட்டது. டிரம்முக்குப் பின்னால் போய் மோந்தார். தண்ணீர்த் தொட்டியை மோந்தார். வக்கீலையும் மோந்திருப்பார், அவர் நகர்ந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்ல," என்றார் கடைசியில். குற்றச்சாட்டு மாதிரி.

அம்மா வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். ஒரே செடிக்கு ரெண்டு தடவை ஊற்றினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

டீ பை எங்கே போயிற்று என்று வக்கீல் இன்றைக்கு நோண்டித் தேடினார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செயலாளர் லிஃப்டில் என்னிடம் மெதுவாகக் கேட்டார், அவர் சம்சாரம் ஜன்னலில் ஒரு ரோஜா வைத்திருக்கிறாராம், பூக்கவே மாட்டேன் என்கிறதாம், "அந்தச் சமாச்சாரம்" கொஞ்சம் கிடைக்குமா என்று. எந்தச் சமாச்சாரம் சார் என்றேன். தெரியும். அவர் வாயால் கேட்க ஆசை.

"உரம்மா" என்றார். வாழ்ந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

குழுவில் போடுவதற்கு. இங்கே எழுதிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன், போன தடவை எழுத்துப்பிழைக்கு வக்கீல் ஆட்சேபணை தெரிவித்தார்.

எல்லாருக்கும் வணக்கம். நம்ம எல்லார் வீட்டுக் குப்பையும் உரமாயிடுச்சு. நாளைக்குக் காலையில மாடியில சலிக்கிறோம். ஆளுக்கு ஒரு டப்பா கொண்டு வாங்க, மூடி இருந்தா நல்லது. கட்டி தட்டினத உடைக்க ஆள் வேணும், கை அழுக்காகும், முன்கூட்டியே சொல்லிடறேன். பெரிய சல்லடை யார் வீட்டுல இருக்கு? இருந்தா இங்கேயே சொல்லுங்க. ஒரு டிரம் பத்தல, காலி டிரம் யாராவது தர முடியுமா? புதுசா குடி வந்தவங்களுக்கும் இதச் சொல்லிடுங்க, அவங்க இந்தக் குழுவுல இன்னும் இல்ல. மாடிக் கதவு காலையிலேருந்து திறந்தே இருக்கும், யாரையும் கேக்க வேண்டாம். வர்றவங்க எல்லாம் இங்க ஒரு கை தூக்குங்க.